ஊத் முதல் செமிபிரீவ் வரை: மேற்கத்திய இசையின் பழஞ்சொற்கள் எங்கிருந்து வந்தன?

பியானோவுடன் தியரியும் படிக்கத் தொடங்கியிருக்கும் நீங்கள், நியூம், மோட், ஹெக்ஸகார்ட், ஆர்கனம், மோட்டெட் முதலிய சொற்களுக்கு ஒற்றை வரிப் பொருளை மனப்பாடம் செய்துவிட்டதாகவும், ஆனால் ஒன்றோடொன்று எதுவும் ஒட்டவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கூடவே, ‘பாதிக் குறில்’ என்று பொருள்படும் செமிபிரீவ் எப்படி நான்கு எண்ணிக்கைக்கு நீளும் நோட்டாக இருக்க முடியும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். வர்ணம் வரை கர்நாடக சங்கீதம் கற்றவர் என்று சொன்னதால், தேவையான இடங்களில் அந்தச் சொற்களைக் கொண்டே விளக்குகிறேன். இந்தச் சொற்களை அகரவரிசையில் படிப்பதுதான் சிக்கலே என்பது என் எண்ணம். இவை ஒவ்வொன்றும், எழுதி வைக்காத பாட்டை அடுத்த தலைமுறைக்கு எப்படிக் கொண்டுசேர்ப்பது என்று திண்டாடிய பாட்டு ஆசிரியர்கள் கண்டுபிடித்த ஒரு தீர்வு. பிறந்த வரிசையில் படித்தால் ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு வரும்.

தொடக்கம் பிளெயின்சாண்ட், அதாவது கிறித்தவ மடங்களில் பக்கவாத்தியம் இன்றி, தாளக்கட்டு இன்றி, எல்லோரும் ஒரே சுருதியில் ஒரே மெட்டாக லத்தீனில் பாடிய வழிபாட்டுப் பாட்டு. 6-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெனடிக்ட் துறவியின் மட ஒழுங்கு, விவிலியத்தில் உள்ள 150 சங்கீதங்கள் என்ற துதிப்பாடல்களையும் ஒவ்வொரு வாரமும் பாடி முடிக்க வேண்டும் என்கிறது. பண்டிகை நாட்களுக்குரிய தனி மெட்டுகள் இதற்கு மேல். அத்தனையும் காதால் கேட்டு நெஞ்சில் நிறுத்தியவை. 636-இல் மறைந்த செவில் நகரத்து இசிதோர், ஒலிகளை எழுத முடியாது என்பதால் மனிதனின் நினைவில் தங்காவிட்டால் அவை அழிந்துவிடும் என்று எழுதி வைத்தார். இதைக் கிரிகோரியன் சாண்ட் என்றும் சொல்வார்கள். புறா வடிவில் வந்த தூய ஆவி, போப் முதலாம் கிரிகோரியின் காதில் ஓத அவர் பாடிய மெட்டுகள் இவை என்பது பழங்கதை. அவர் காலம் 590 முதல் 604 வரை. நாம் இன்று அந்தப் பெயரால் அழைக்கும் மெட்டுகளோ, 8, 9-ஆம் நூற்றாண்டுகளில் பெபின், சார்லமேன் ஆகியோரின் பிராங்கிய அரசில், ரோமப் பாட்டும் உள்ளூர்ப் பாட்டும் கலந்து உருவெடுத்தவை.

ஆட்சிப் பரப்பு முழுவதும் ஒரே மாதிரி பாட வேண்டும் என்று அரசும் திருச்சபையும் விரும்பியபோது, நினைவை மட்டும் நம்பினால் போதவில்லை. 9-ஆம் நூற்றாண்டில் நியூம் தோன்றுகிறது. கிரேக்கத்தில் சைகையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பது இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் மூலம். பாடல் வரிகளுக்கு மேலே சிறு கோடுகள், புள்ளிகள், வளைவுகள்: தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிக்கு ஏறினால் பெஸ், உயர்ந்ததிலிருந்து இறங்கினால் கிளிவிஸ், ஏறி இறங்கினால் டார்குலஸ். சுவிட்சர்லாந்தின் சங்க்ட் காலன் மடத்தில் 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட சுவடியில் இவை மிக நுட்பமாக இருக்கின்றன. ஆனால் அதில் ஒரு பெரிய குறை உண்டு: ஒலி ஏறுகிறது என்று தெரியும், எவ்வளவு ஏறுகிறது என்று தெரியாது. ‘ச’விலிருந்து ‘ரி’க்கா, ‘ப’வுக்கா என்பதை ஏற்கெனவே மெட்டு தெரிந்தவர்தான் சொல்ல முடியும். கமகக் குறிகள் மட்டும் இருந்து ஸ்வர எழுத்துகள் இல்லாத ஒரு கீர்த்தனைப் புத்தகத்தை எண்ணிப் பாருங்கள். ஏறக்குறைய அதுதான் நியூம்.

இந்தக் குறையைத் தீர்த்தவர் அரெஸ்ஸோ நகரத்து குயிதோ என்ற துறவி. போம்போசா மடத்தில் பையன்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். அங்கே பொறாமை கிளம்பியதால் அரெஸ்ஸோவுக்குப் போய், 1026-ஐ ஒட்டி மிக்ரோலோகஸ் என்ற பாடநூலை எழுதினார். நியூம்களைக் கோடுகளின் மீதும் கோடுகளுக்கு இடையிலும் உட்காரவைத்ததும், எஃப் ஸ்வரத்துக்குரிய கோட்டைச் சிவப்பிலும் சி ஸ்வரத்துக்குரிய கோட்டை மஞ்சளிலும் தீட்டச் சொன்னதும் அவர் செய்த காரியங்கள். இந்த இரண்டை மட்டும் ஏன் தேர்ந்தெடுத்தார் என்பது கவனிக்க வேண்டியது: வெள்ளைக் கட்டைகளில் ஈ–எஃப், பி–சி ஆகிய இரண்டு இடங்களில்தான் இடையே கறுப்புக் கட்டை இல்லை, அதாவது அரைச்சுர இடைவெளி. பாடுபவர் தடுக்கி விழும் இடம் அதுவே. வண்ணக்கோடு அங்கே எச்சரிக்கிறது. வண்ணம் தீட்டாதவர்கள் கோட்டின் தொடக்கத்தில் எஃப் என்றோ சி என்றோ எழுத்தைப் போட்டார்கள், பின்னர் ஜியும் சேர்ந்தது. உங்கள் புத்தகத்தில் கோடுகளின் தொடக்கத்தில் நிற்கும் டிரெபிள் கிளெஃப் என்ற குறி, எழுதுவோர் கைகளில் நூற்றாண்டுகளாகச் சுருண்டு சுருண்டு உருமாறிய ஜி என்ற எழுத்து. பேஸ் கிளெஃப் அதேபோல் தேய்ந்த எஃப். கீழிருந்து எண்ணினால் ஜி கிளெஃபின் சுழி இரண்டாவது கோட்டைச் சுற்றுவதும், எஃப் கிளெஃபின் இரண்டு புள்ளிகள் நான்காவது கோட்டுக்கு மேலும் கீழும் நிற்பதும் அந்தந்தக் கோடு எது என்று காட்டத்தான்.

டோ ரே மி குயிதோவின் இன்னொரு உத்தி. யோவான் ஸ்நானகர் திருநாளுக்குரிய ஒரு லத்தீன் துதியில், ஒவ்வோர் அரையடியும் முந்தையதைவிட ஒரு ஸ்வரம் உயர்ந்து தொடங்குவதை அவர் எடுத்துக்கொண்டார். அரையடிகளின் முதல் அசைகள்: ஊத், ரே, மி, ஃபா, சோல், லா. ஒரு கட்டையை, அதாவது சியை, ‘ச’வாக வைத்துச் சங்கராபரண ஸ்வரஸ்தானங்களில் பாடிப் பாருங்கள். ‘ஊத் குவேயாந்த் லாக்ஸிஸ்’ என்பது ச, ரி, ம, ரிக, ரி. அடுத்து ‘ரேசோனாரே ஃபிப்ரிஸ்’ என்பது ரி, ரி, ச, ரி, க, க. மூன்றாவது ‘மி’யில், அதாவது ‘க’வில் தொடங்கும். துதி மனத்தில் பதிந்துவிட்டால், முன்பின் கேட்டிராத ஒரு மெட்டில் எந்த ஒலி வந்தாலும், இது எந்த அரையடியின் தொடக்கம் போல் ஒலிக்கிறது என்று ஒப்பிட்டுப் பெயர் சொல்லிவிடலாம். பத்து ஆண்டுகள் பயின்றும் அரைகுறையாகவே பாடியவர்கள் இருந்த நிலையில், தம் முறையால் ஓராண்டில், மிஞ்சினால் இரண்டாண்டில் தேர்ந்த பாடகர் ஆகலாம் என்று தம் நண்பர் மிக்கேலுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். போப் பத்தொன்பதாம் யோவான் அவரை ரோமுக்கு அழைத்து, புத்தகத்தைப் புரட்டி, தாம் கேட்டறியாத ஒரு வரியைத் தாமே பாடிப் பார்த்த பிறகுதான் இடத்தைவிட்டு எழுந்தார் என்பதும் அந்தக் கடிதத்தில் உண்டு. ரோமின் கோடை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாததால் குயிதோ அங்கே தங்கவில்லை.

ஊத் என்பதை நீட்டிப் பாடினால் வாய் மூடிக்கொள்வதால் 17-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் அது டோ ஆனது. ஏழாவது அசையான ‘சி’ (சி என்ற ஸ்வர எழுத்து அல்ல), துதியின் கடைசி அடியான ‘சாங்க்தே யோஹான்னெஸ்’ என்பதன் முதலெழுத்துகளிலிருந்து பிற்காலத்தில் வந்தது. டோ ரே மி நம் ச ரி க ம விலிருந்து போனது என்று நம்மவர்கள் பெருமையோடு சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இரண்டுமே ஸ்வரங்களுக்கு அசைப்பெயர் இடும் முறை என்பது சரி. ஆனால் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்பதை, துதியையும் சேர்த்து, குயிதோவே எழுதி வைத்திருக்கும்போது கடன் வாங்கினார் என்பதற்குச் சான்று ஏதுமில்லை. தவிர, அவர் பெயரிட்டது ஆறே ஸ்வரங்களுக்கு.

அந்த ஆறின் தொகுப்புதான் ஹெக்ஸகார்ட். நடுவில் மி–ஃபா மட்டும் அரைச்சுரம், மற்றவை எல்லாம் முழுச்சுரம். இதை மூன்று இடங்களில் தொடங்கினார்கள்: சியிலிருந்து தொடங்கினால் இயல்பானது, ஜியிலிருந்து தொடங்கினால் கடினமானது, எஃபிலிருந்து தொடங்கினால் மென்மையானது. மெட்டு ஆறு ஸ்வரங்களைத் தாண்டினால், பாடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஹெக்ஸகார்டிலிருந்து அடுத்ததற்கு மாற வேண்டும். சியிலிருந்து ஊத், ரே, மி, ஃபா, சோல் என்று வந்து, ஏயில் லா என்பதற்குப் பதிலாக ரே என்று சொல்லிவிட்டால், தொடர்வது பியில் மி, சியில் ஃபா. கிரகபேதத்தில் சட்ஜத்தை இடம் மாற்றுவது போன்ற காரியம். எங்கே அரைச்சுரம் வந்தாலும் வாயில் மி–ஃபா என்றே வரும். இந்த இடங்களை இடது கையின் விரல் கணுக்களில் குறித்துச் சொல்லிக்கொடுத்த படத்துக்குக் குயிதோவின் கை என்று பெயர், ஆனால் அவருடைய நூல்களில் அந்தப் படம் இல்லை.

ஸ்வரத்தை அரைச்சுரம் தாழ்த்தும் ஃபிளாட், அரைச்சுரம் உயர்த்தும் ஷார்ப், இயல்பு நிலைக்குத் திருப்பும் நேச்சுரல் ஆகிய மூன்று குறிகளும் இங்கேதான் பிறக்கின்றன. எஃபில் தொடங்கும் ஹெக்ஸகார்டில் நான்காவது ஸ்வரம் எஃபுக்குச் சுத்த மத்யமமாக இருக்க வேண்டும், ஆகவே அங்கே வரும் பி அரைச்சுரம் தாழ வேண்டும். ஜியில் தொடங்குவதிலோ தாழாத பி வேண்டும். சியை ‘ச’ என்று கொண்டால் முன்னது கைசிகி நிஷாதம், பின்னது காகலி நிஷாதம். இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால், தாழ்ந்ததை வயிறு உருண்ட பி ஆகவும் தாழாததைச் சதுரமான பி ஆகவும் எழுதி வேறுபடுத்தினார்கள். உருண்டை பி அப்படியே இன்றைய ஃபிளாட் குறி. சதுர பியிலிருந்து கிளைத்தவை நேச்சுரலும் ஷார்ப்பும். ஃபிளாட்டைப் பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் ‘மென்மையான பி’ என்று பொருள்படும் பெமோல் என்றும், நேச்சுரலைச் ‘சதுர பி’ என்று பொருள்படும் பெகார் என்றும் சொல்கிறார்கள். ஜெர்மானியர்கள் மேஜருக்கு டூர் என்றும் மைனருக்கு மோல் என்றும் சொல்வது, லத்தீனில் கடினம், மென்மை என்பவற்றைக் குறித்த அதே சொற்கள். அவர்கள் நாட்டில் தாழ்ந்த பிக்கு மட்டுமே பி என்று பெயர், தாழாததற்கு ஹா (H) என்ற எழுத்து. அதனால்தான் ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியான் பாக் தம் குடும்பப் பெயரின் நான்கு எழுத்துகளையே (B-A-C-H) நான்கு ஸ்வரங்களாக்கி, தி ஆர்ட் ஆஃப் ஃபியூக் தொகுப்பின் முடிவுறாத கடைசிப் படைப்பில் பின்ன முடிந்தது.

மோட் பற்றி ஒரு எச்சரிக்கை. டோரியனின் ஸ்வரங்கள் கரகரப்ரியா, ஃபிரிஜியன் தோடி, லிடியன் கல்யாணி, மிக்ஸோலிடியன் ஹரிகாம்போஜி என்று ஒப்பிட்டுவிட்டால் பாடம் முடிந்தது என்று தோன்றும். ஸ்வரஸ்தானங்களைப் பொறுத்தவரை அது சரியும்கூட. ஆனால் பழைய மடங்களில் மோட் என்பது வெறும் மேளமாக இருக்கவில்லை. எந்த ஸ்வரத்தில் முடிய வேண்டும், ஓதும்போது எந்த ஸ்வரத்தில் நிலைக்க வேண்டும், எந்தச் சஞ்சாரங்கள் அதற்கு உரியவை என்பனவும் சேர்ந்ததே மோட். அந்த வகையில் அது ராகத்துக்கு ஓரளவு நெருக்கமானது. டி, ஈ, எஃப், ஜி என்ற நான்கு முடிவு ஸ்வரங்கள், ஒவ்வொன்றிலும் முடிவுக்கு மேலேயே பெரும்பாலும் உலவுவது அதெண்டிக், அதற்குக் கீழேயும் இறங்கி உலவுவது பிளேகல், ஆக எட்டு. பிளேகல் வகைக்கு ஹைப்போ என்ற முன்னொட்டு. கிரேக்க இனங்களின் பெயர்களை இடைக்கால ஆசிரியர்கள் குழப்பிக்கொண்டு ஒட்டியதால், இந்த டோரியனும் பண்டைய கிரேக்கரின் டோரியனும் ஒன்றல்ல. இன்றைய மேஜரும் மைனருமான சங்கராபரணமும் நடபைரவியும் அந்த எட்டில் இல்லை. 1547-இல் சுவிஸ் அறிஞர் கிளாரேயானுஸ் தம் நூலில் அயோனியன், ஈயோலியன் என்று பெயரிட்டுச் சேர்த்த பிறகே அவற்றுக்குத் தனி இடம் கிடைத்தது.

இதுவரை சொன்னது ஒற்றை மெட்டு. ஒரே நேரத்தில் இரண்டு வேறு ஸ்வரங்களைப் பாடுவது எழுத்தில் முதலில் தென்படுவது 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த மூசிகா என்கிரியாதிஸ் என்ற நூலில். மூல மெட்டுக்கு நான்கு அல்லது ஐந்து ஸ்வரம் தள்ளி இன்னொரு குரல் அதே மெட்டை நிழல்போல் தொடர்வதற்கு ஆர்கனம் என்று பெயர். ஏன் நான்கும் ஐந்தும்? தந்தியின் நீளங்களை 2:1, 3:2, 4:3 என்ற விகிதங்களில் வைத்தால் கிடைக்கும் மேல் சட்ஜம், பஞ்சமம், சுத்த மத்யமம் ஆகியவையே இணக்கமானவை என்று, 500-ஐ ஒட்டி வாழ்ந்த ரோம அறிஞர் போயத்தியஸ் வழியாகப் பிதாகோரியக் கணக்கு வந்து சேர்ந்திருந்தது. அந்தக் கணக்கில் அந்தர காந்தாரம் 81:64 என்ற கரடுமுரடான விகிதம். இன்று மேஜர் கார்டுக்கே உயிரான அந்த இடைவெளி அன்று இணக்கமற்றவற்றின் வரிசையில் இருந்தது. எஃபிலிருந்து பி வரையான மூன்று முழுச்சுர இடைவெளியான டிரைடோனையோ தவிர்க்கவே பார்த்தார்கள். அதைச் சாத்தான் என்று சொல்லித் திருச்சபை தடைசெய்தது என்பது இணையத்தில் உலவும் கதை. அப்படி ஒரு தடையாணை கிடையாது, அந்தப் பட்டப்பெயரும் மிகவும் பிந்தியது. நம் 72 மேளங்களில் 36-இல் அந்த இடைவெளி பிரதி மத்யமமாக வீற்றிருக்கிறது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

12-ஆம் நூற்றாண்டில் ஆர்கனம் நிழல் வேலையை விட்டுவிட்டது. 1163-இல் கட்டத் தொடங்கிய பாரிஸ் நோத்ர் தாம் பேராலயத்தைச் சுற்றி இயங்கிய லெயோனின், பெரோதின் ஆகிய இசையமைப்பாளர் இருவர் பெயரும் நமக்குத் தெரிவது, 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெயர் தெரியாத ஒருவர், அநேகமாக ஆங்கிலேய மாணவர், எழுதி வைத்த குறிப்பால். இந்த இசையில் பழைய மெட்டின் ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஒரு குரல் மிக நீளமாகப் பிடித்து நிறுத்த, அதன்மேல் மற்றக் குரல்கள் அகாரம்போல் உலவும்; பெரோதினின் நான்கு குரல் ‘வீதெருந்த் ஓம்னெஸ்’ கேட்டால், ‘வீ’ என்ற முதல் அசையைத் தாண்டுவதற்கே எவ்வளவு நேரமாகிறது என்று வியப்பீர்கள். அப்படிப் பிடித்து நிறுத்தும் குரலுக்கு, ‘பிடி’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து டெனர் என்று பெயர். உயர்ந்த ஆண்குரல் என்ற இன்றைய பொருள் பின்னால் வந்தது. மூன்றாவதாகச் சேர்ந்த குரல் டிரிப்லம், அதுவே டிரெபிள். டெனருக்கு எதிராக எழுதிய கான்ட்ராடெனர் 15-ஆம் நூற்றாண்டில் உயர்ந்தது, தாழ்ந்தது என்று இரண்டாகப் பிரிந்தபோது, உயர்ந்தது ஆல்டோவும் தாழ்ந்தது பேஸும் ஆயின. மேல்குரல்களின் அகாரத்துக்குச் சொற்களைப் பொருத்தியபோது, பிரெஞ்சில் சொல்லைக் குறிக்கும் ‘மோ’ என்பதிலிருந்து மோட்டெட் பிறந்தது. கீழே லத்தீன் வழிபாட்டு மெட்டு ஒலிக்க, மேலே இரண்டு குரல்கள் ஒரே சமயத்தில் வேறு வேறு பிரெஞ்சுக் காதல் வரிகளைப் பாடுகிற மோட்டெட்டுகளும் உண்டு; கேட்பவருக்கு எது புரிந்திருக்கும் என்று எனக்கு எப்போதும் ஓர் ஐயம்.

பல குரல்கள் சேர்ந்து போக வேண்டுமென்றால் காலப்பிரமாணம் எழுத்தில் இருந்தாக வேண்டும், உங்கள் செமிபிரீவ் கேள்விக்கு இங்கேதான் விடை. நோத்ர் தாம் காலத்தில் இருந்தவை நெடில், குறில் என்ற இரண்டே அளவுகள், நம் யாப்பில்போல. லத்தீனில் அவை லாங்கா, பிரெவிஸ். 1280-ஐ ஒட்டிக் கொலோன் நகரத்து பிராங்கோ, நோட்டின் வடிவமே அதன் நீளத்தைக் காட்ட வேண்டும் என்று ஒழுங்குபடுத்தினார். குறிலையும் கூறுபோட்டபோது வந்தது செமிபிரெவிஸ். அன்று அதுதான் மிகச் சிறியது. ஒன்றை மூன்றாகப் பிரிப்பதே, திரித்துவத்தை எண்ணி, நிறைவானது எனப்பட்டது. 1320-களில் ஆர்ஸ் நோவா என்ற புது முறை, பிலிப் த வித்ரியின் பெயரோடு சேர்ந்து வந்தபோது, இரண்டாகப் பிரிப்பதும் சம மதிப்புப் பெற்றது. செமிபிரெவிஸும் பிளவுபட்டு, ‘மிகச் சிறியது’ என்ற பொருளில் மினிமா வந்தது. போப் இருபத்திரண்டாம் யோவான், இந்தப் பொடி ஸ்வரங்கள் வழிபாட்டு மெட்டையே மறைத்துவிடுகின்றன என்று கண்டித்து ஆணை பிறப்பித்தும் அது நிற்கவில்லை. பிரெஞ்சு இசையமைப்பாளர் குயோம் த மஷோ 14-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் இயற்றிய திருப்பலி இசை முழுக்க இந்த முறையில் அமைந்தது.

பொடி ஸ்வரங்கள் பெருகப் பெருக, அவற்றைப் பாடி முடிக்க வசதியாகப் பெரிய ஸ்வரங்கள் மெதுவாக வேண்டியதாயிற்று. லாங்கா வழக்கொழிந்தது, பிரெவிஸ் எப்போதாவது வரும் விருந்தாளி ஆனது, பாதிக் குறிலான செமிபிரீவ் முழு நோட் ஆனது, மிகச் சிறியதான மினிம் அரை நோட் ஆனது, அதற்குக் கீழே கிராட்செட்டும் குவேவரும் முளைத்தன. இங்கிலாந்து பழைய பெயர்களை விடாமல் வைத்துக்கொண்டதால் உங்கள் புத்தகம் குழப்புகிறது. அமெரிக்கர்கள் முழு, அரை, கால் என்று கணக்காகச் சொல்லிவிடுகிறார்கள். நான்கு எண்ணிக்கைத் தாளத்துக்குப் போடும் ஆங்கில சி போன்ற குறியும் எழுத்தல்ல: பிரெவிஸ் மூன்றாகப் பிரிந்தால் நிறைவைக் காட்ட முழு வட்டம், இரண்டாகப் பிரிந்தால் உடைந்த வட்டம் என்று வைத்ததில், உடைந்த வட்டம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதன் குறுக்கே செங்குத்துக் கோடு கிழித்தால், எண்ணிக்கையை ஒரு படி பெரிய ஸ்வரத்துக்கு மாற்று என்று பொருள். அந்தக் குறிக்கு இன்றும் ‘பிரீவ் கணக்கில்’ என்று பொருள்படும் அல்லா பிரேவே என்றே பெயர்.